படிக்குப் படி நின்று கும்பிட்டவருக்கு

இந்நேரம் இரண்டு கால்களையும் நீட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நான் நம்புகிற, என் அக்கா புருஷனான பாவாவுக்கு,

உங்கள் மச்சான் தாமு எழுதுகிறேன். சரக்கு வந்தது, சரக்கு போனது என்பதைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவன் நான். உங்களுக்கு வருஷத் திதி கொடுத்து முடித்த பிறகு அக்காதான் சொன்னாள்: "அவருக்கு எதனா சொல்லணும்னா எழுதித் தொலையேன்டா. சும்மா மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு கீற." எழுதுவது என்றால் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நம் ஊரில் நாலு பேர் என்றால் அதில் சட்டைப்பையில் நெருப்புப்பெட்டி வைத்திருப்பவன் ஒருவனாவது இருப்பான். அவனும் படிக்கட்டும்.

முதலில் கடைச் சேதி. பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் இந்த வருஷம் சிறுத்துப் போய் வருகிறது. அர்ச்சனைக்கு உடைக்கிறவர்களுக்குச் சிறுசாக இருந்தாலும் கவலையில்லை, ஓட்டல்காரர்கள்தான் முறைக்கிறார்கள். நீங்கள் ஓட்டிய நம் கடை லோடு வண்டியை இப்போது கே.ஜி.கண்டிகை ஊர்க்காரர் ஒருவர் ஓட்டுகிறார். புகைக்க மாட்டார். அதற்குப் பதிலாக அரக்கோணம் போய்த் திரும்பும் வரை வேர்க்கடலை தின்கிறார். கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் காலடியில் கடலைத்தோல் நொறுங்குகிறது. சீட்டில் உங்கள் சிகரெட் சுட்ட ஓட்டை இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு, "உறை மாத்திடலாங்க" என்றார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

உங்களிடம் ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். நீங்கள் இருந்தபோது இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

நம் திருத்தணி மலையடிவாரத்தில் கூடையில் தேங்காய் வைத்து விற்ற காலம் முதல் வாங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தட்டிப் பார்ப்பார்கள், காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள், குறைத்துக் கேட்பார்கள், நாலு கடை தள்ளிப் போய்த் திரும்பி வருவார்கள். சாமிக்கு உடைக்கிற தேங்காய்க்கே இவ்வளவு பேரம். சிகரெட்டை யாராவது பேரம் பேசி வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? விலை ஏறுகிற ஒவ்வொரு முறையும் டீக்கடையில் நின்று அரசாங்கத்தைத் திட்டுவோம். திட்டி முடிப்பதற்குள் பற்றவைத்திருப்போம்.

பேரமே இல்லாமல் போகிற சரக்கைப் பார்த்து ஒரு வியாபாரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று எழுந்து போக முடிகிறவன்தான் பேரம் பேசுவான். நாம் இரண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் நின்று ஒரே குச்சியில் இரண்டு சிகரெட் பற்றவைத்தபோது, எழுந்து போகிற ஆட்களாகவா இருந்தோம்?

நீங்கள் பாக்கெட்டாக வாங்கியதே இல்லை. "பாக்கெட்டு வாங்கறவன்தான் மச்சான் அடிமை. நான் ஒண்ணு ஒண்ணாத்தானே வாங்கறேன்" என்பீர்கள். ஒன்று ஒன்றாக வாங்குவதற்காக எத்தனை கடை வாசலில் வண்டியை நிறுத்தினீர்கள் என்று அக்கா கேட்டால் மட்டும் சிரித்து மழுப்புவீர்கள்.

அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உங்களிடம் இருந்தது. மாலை.

ஆடி பிறக்கும் முன்பே மாலை போட்டுவிடுவீர்கள். போட்ட அன்றிலிருந்து சிகரெட் கிடையாது. வண்டியில் கிடையாது, டீக்கடையில் கிடையாது. பக்கத்தில் எவனாவது ஊதினால்கூட எழுந்து போய்விடுவீர்கள். கிருத்திகை அன்று காவடி எடுத்து, மலையேறி இறக்கி வைத்து, மாலையைக் கழற்றிவிட்டுக் கீழே வந்ததும் மணியின் டீக்கடையில் முதல் சிகரெட். மணி உங்களுக்காக எடுத்து வைத்திருப்பான். வருஷா வருஷம் இப்படித்தான். "அவன் நெனச்சா வுட்டுடுவான்பா, எத்தினி வருஷமா பாக்கறோம்" என்று ஊரே சொன்னது. அக்காவும் சொன்னாள், நானும் சொன்னேன். ஒரு மாதத்துக்கு மேல் தொடாமல் இருக்க முடிகிறவரை யாராவது அடிமை என்பார்களா?

பிறகு படியில் நிற்க ஆரம்பித்தீர்கள்.

முதலில் நடுவிலுள்ள மண்டபத்தில் மட்டும் நின்றீர்கள். அடுத்த வருஷம் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை. தோளில் காவடியோடு நின்று, கண்ணை மூடி, கையைக் குவித்து முணுமுணுப்பீர்கள். பின்னால் வருகிறவர்களும் நின்று அரோகரா போடுவார்கள். "பாவாவுக்கு பக்தி முத்திப்போச்சு" என்று நான் கிண்டல் பண்ணினேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே, "நீ நட மச்சான், நான் சாமிகிட்ட ஒரு விஷயம் பேசிக்கினு வரேன்" என்றீர்கள். கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலித்தது என்று அப்போதே ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் காவடியை நான் வாங்கியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ?

கட்டை விரல் கறுத்த பிறகுதான் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அதுவும் மாலை போட்டிருந்த சமயம். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும்.

"பீடி, சிகரெட் உண்டா?"

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "இல்லம்மா. மாலை போட்டுக்கினு கீறாரு. தொடவே மாட்டாரு."

"முன்னாடி?"

"முன்னாடி உண்டு. ஆனா மாலை போட்டா எங்க பாவா சுத்தம், டாக்டர்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். என்ன பெருமை எனக்கு!

டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். ரத்தக்குழாய் சுருங்கி அடைத்துக்கொள்கிற வியாதி, புகையிலையால் வருவது (எங்கள் காதில் சிகரெட் என்றுதான் விழுந்தது), அதை அடியோடு விட்டால்தான் கால் தப்பும், நீங்கள் ஏற்கெனவே விட்டுவிட்டதால் நம்பிக்கை இருக்கிறது என்றார். அக்கா வெளியே வந்து வடக்கு நோக்கி நம் மலை இருக்கிற திசையென்று நினைத்துக்கொண்டு கும்பிட்டாள். அந்த வருஷம் கிருத்திகை முடிந்தும் நீங்கள் மாலையைக் கழற்றவில்லை. கால் ஆறுகிற வரைக்கும் கழற்றுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். மாலை கழுத்தில் இருந்தால் சிகரெட் வராது, சிகரெட் வராவிட்டால் கால் போகாது. இவ்வளவு சுலபமான கணக்கை நாங்கள் அதுவரை போட்டதில்லை.

பக்கத்து விரலும் கறுத்தது.

மறுபடி போனபோது டாக்டரம்மா கோபமாக இருந்தார். "என்கிட்ட பொய் சொல்றீங்க. புகைக்கிறார்." அக்கா அழுதுவிட்டாள். முருகன் மேல் சத்தியம் பண்ணினாள். நீங்கள் மாலையைக் கையில் பிடித்து எடுத்துக் காட்டினீர்கள். டாக்டரம்மா மாலையைப் பார்க்கவில்லை. உங்கள் உதட்டைப் பார்த்தார்.

"வாயில என்ன?"

"வெத்தலைங்க."

"வெறும் வெத்தலையா?"

"கொஞ்சமா புகையிலை, பாக்கு. சும்மா காரத்துக்கு. வெரதத்துல அதுக்குத் தடை இல்லீங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அக்காவிடம்தான் சொன்னார். "அம்மா, அந்தப் புகையில என்ன நிக்கோட்டின் இருக்கோ, அதேதான் இந்த இலையிலயும் இருக்கு. ரத்தத்துக்கு எது வழியா வந்துச்சுன்னு தெரியாது. இவர் ஒரு நாள்கூட நிறுத்தலை. வருஷா வருஷம் நிறுத்தினார்னு சொன்னீங்களே, அப்பவும் நிறுத்தலை."

பாவா, நீங்கள் ஒளித்துச் செய்யவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. மாலை போட்ட நாட்களில் உங்கள் வெற்றிலைப் பொட்டலம் பெரிதாகிவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்காதான் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, புகையிலை வைத்து மடித்துக் கொடுப்பாள். "சிகரெட்டு இல்லாம தவிக்கறாரு பாவம்" என்று ஒன்று கூடுதலாகவே மடிப்பாள். வெற்றிலை தாம்பூலத்தட்டில் இருக்கிற பொருள், சாமிக்கு வைக்கிற பொருள். அதன் மடிப்புக்குள் இருந்ததை நாங்கள் பொருளாகவே எண்ணவில்லை. நாங்கள் காவல் காத்தது சிகரெட்டை மட்டும். சிகரெட்டுக்குள் இருந்தது வேறு வாசல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது. இதில் நான் யார் மேல் கோபப்படுவது? உங்கள் மேலா? மடித்துக் கொடுத்தவள் மேலா?

டாக்டரம்மா சொன்ன அன்றே அக்கா வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டாள். ஆனால் நாள் கடந்துவிட்டிருந்தது. விரல்கள் போயின. பிறகு முழங்காலுக்குக் கீழே போனது. இடது கால். மயக்கம் தெளிந்ததும் போர்வை தாழ்ந்து கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "கிளச்சு போச்சு மச்சான். இனிமே நியூட்ரல்தான்." பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார். அக்கா உங்கள் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இனி தொடமாட்டீர்கள் என்று நான் நினைத்தேன். கால் போன பிறகும் ஒரு மனுஷன் தொடுவானா?

ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தால் கட்டில் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு வெளியே, டீக்கடைத் தட்டிக்குப் பின்னால், சக்கர நாற்காலியில் இருந்தீர்கள். கையில் புகைந்துகொண்டிருந்தது. உங்களைச் சுற்றி உங்களைப் போலவே கட்டுப் போட்ட இன்னும் இரண்டு பேர்.

"இன்னா பாவா இது?"

"திட்டாத மச்சான். இல்லாத கால் வலிக்குதுடா. கட்டை விரலு அரிக்குது, சொறியலாம்னு குனிஞ்சா அங்க ஒண்ணுமே இல்ல. இதைப் புடிச்சாத்தான் கொஞ்சம் அடங்குது."

"இன்னொரு கால் கீதுன்னு டாக்டரு சொன்னாங்களே, காதுல வுழலையா?"

"வுழுந்துது. தெரியாமலா புடிக்கறேன்? எல்லாம் தெரிஞ்சிக்கினேதான் புடிக்கறேன். இந்தக் கையைப் பாரு. நான் சொல்லியா போவுது?"

கையை நீட்டிக் காட்டினீர்கள், வேறு யாருடைய கையையோ காட்டுகிற மாதிரி. உங்களை எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட உங்கள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

மற்ற கால் கறுப்பதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. காலையில் அக்கா காபி எடுத்து வந்தபோது நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. ஒரு வகையில் அதுவும் நல்லதுக்குத்தான் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எந்த வகையில் என்று யாரும் சொல்லவில்லை.

பாடை கட்டியபோது நடந்தது உங்களுக்குத் தெரியாது. பங்காளி ஒருவர், "அண்ணனுக்குப் புடிச்சதாச்சே" என்று ஒரு முழுப் பாக்கெட் சிகரெட்டை வாங்கி வந்து உங்கள் தலைமாட்டில் வைத்தார். நல்ல மனசோடுதான் வைத்தார். ஆயுசு முழுக்க நீங்கள் வாங்காத முழுப் பாக்கெட். அக்கா எழுந்து வந்தாள். அதை எடுத்துத் தெருவில் வீசினாள். "ஆளையே எடுத்துக்கிச்சே, இன்னும் கூடவே போவணுமா அது?"

சுடுகாட்டில் காரியம் முடிகிற வரைக்கும் வேலிக்காத்தான் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பாக்கெட் கை மாறி வந்துகொண்டிருந்தது. தெருவில் விழுந்ததை யாரோ எடுத்துப் பையில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் நீங்கள் எரிந்துகொண்டிருந்தீர்கள், இந்தப் பக்கம் நாங்கள் பற்றவைத்துக்கொண்டிருந்தோம். என்னிடம் வந்தபோது நானும் எடுத்தேன். மனசு வேண்டாம் என்றது. நீங்கள் காட்டினீர்களே ஒரு கை, அதே மாதிரி ஒரு கை எனக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷமாக, கேட்பவர்களிடம் "கொறைச்சிட்டேன்" என்று சொல்லி வருகிறேன். எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று யாரும் கேட்பதில்லை. விற்காத சரக்குக்கு நான் போடுகிற தள்ளுபடி மாதிரிதான் அந்த வார்த்தை. போர்டு பெரிதாக இருக்கும், விலை அதேதான்.

இப்போது யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். கொஞ்ச நாட்களாகக் கடையிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் என்னால் ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. பஸ் நிலையத் திருப்பம் வந்தால் இடது கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிகிறார்கள். நிற்கிறேன். சும்மா நின்றால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்று செல்போனை எடுத்துக் காதில் வைத்து, எதிரில் ஆளே இல்லாமல், "ஆங், லோடு எப்ப வருது, ஆங், ஆங்" என்று பேசுகிறேன். வலி அடங்கியதும் போனைப் பையில் போட்டு நடக்கிறேன். நீங்கள் சாமியிடம் பேசினீர்கள், நான் சரக்கு லாரியிடம் பேசுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வருஷத் திதி முடிந்துவிட்டதால் இந்த ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போகலாம் என்றார்கள். உங்கள் இடத்தில் நான் மாலை போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "மாலை போடு, சிகரெட்டும் நின்னு போவும்" என்றார்கள். முடியாது என்றேன். சாமி மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மாலைக்குக் கழற்றுகிற நாள் ஒன்று இருக்கிறது, போடும்போதே கை அந்த நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பிக்கிறது. எனக்குக் கழற்றும் நாள் இருக்கிற எதுவும் உதவாது.

மாலை இல்லாமல், காவடி இல்லாமல், ஒரு தட்டில் பூவும் நம் கடைத் தேங்காயும் வைத்துக்கொண்டு அக்காவோடு ஏறினேன். பாதிகூட ஏறவில்லை, பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் செல்போனை எடுக்க முடியவில்லை. தட்டைப் படியோரம் வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கையைக் குவித்தேன். திறந்து பார்த்தபோது அக்கா இரண்டு படி மேலே நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறினாள், நான் நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள்.

இறங்கி வந்ததும் மணி கடையிலிருந்து ஓடி வந்தான். "வருஷா வருஷம் உங்க பாவாவுக்கு மொதல் சிகரெட்டு என் கையாலதான். இந்தா தாமண்ணே, அவரு ஞாபகமா." கண் கலங்கித்தான் நீட்டினான். என் கை எழுந்துவிட்டது.

அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "வாங்கிக்கோ. வேணாம்னு சொல்ல மாட்டேன். அவருகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு எனக்கு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோடா. இன்னொரு காலுக்குக் கட்டுப் போட என் கையில தெம்பு இல்ல."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. கும்பிட்டுக்கினு நின்னேன்."

"ஆங்" என்றாள் அக்கா. "அவரும் அதான் சொன்னாரு."

அந்த சிகரெட்டை வாங்கினேனா என்று கேட்பீர்கள். வாங்கினேன். அவள் எதிரில் பற்றவைக்கவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னால், வண்டிக்குப் பின்னால், நாம் நிற்கிற இடத்தில் நின்று பிடித்தேன். உங்களிடம் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது என்ன?

ஆகவே விட்டுவிடுவேன் என்று உங்களுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். அந்தச் சத்தியத்தை நாம் இரண்டு பேருமே எத்தனை முறை செய்தோம், அது எத்தனை நாள் தாங்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? என்னால் கொடுக்க முடிந்ததைத்தான் கொடுக்கிறேன்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அக்காவிடம் படித்துக் காட்டப் போகிறேன், பஸ் நிலையத் திருப்பம் உட்பட. வருகிற செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவளோடு அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அந்த டாக்டரம்மா இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் இருக்கிற வேறு யாராவது அதே கேள்வியைக் கேட்பார்கள். அக்காவைப் பேச விடமாட்டேன். நடுவில் முருகனைக் கொண்டு வரமாட்டேன், கொறைச்சிட்டேன் என்று தள்ளுபடி போடமாட்டேன். "பிடிக்கிறேன் டாக்டர். இன்னிக்குக் காலையிலயும் பிடிச்சேன். விடணும்னு இருக்கு, எப்படி விடறதுன்னு தெரியல, சொல்லிக்குடுங்க" என்பேன். உங்களிடம் கேட்டபோது நாங்கள் முந்திக்கொண்டு சொன்ன பதில் உங்கள் காலை எடுத்துக்கொண்டது. இந்த முறை கால் என்னுடையது, பதிலும் என் வாயிலிருந்துதான் வரும்.

அதன் பிறகு என்ன ஆகிறது என்று எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, பாவா.

உங்கள் நெருப்புக் குச்சியில் பாதி வாங்கியவன்,
உங்கள் மனைவிக்கு இருக்கிற ஒரே தம்பி,
தாமு மச்சான்
திருத்தணி